மெத்தனமா, மிதப்பா? ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஆங்கில வார்த்தைகளும் கள்ளக்குறிச்சி சொல்லும் பாடமும்!

2024 ஜூன் மூன்றாவது வாரம். உங்க போன்ல என்ன ஓடிட்டு இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா? டி20 உலகக்கோப்பை ஸ்கோர்களுக்கு நடுவே திடீரென ஒரு ஊரின் பெயர் வந்து நின்றது. கள்ளக்குறிச்சி. கருணாபுரம் தெருவில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்த உடல்கள், வாசலில் உட்கார்ந்து அழும் பெண்கள், என்ன நடந்தது என்றே புரியாமல் நிற்கும் குழந்தைகள். விஷச் சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் பெண்களும் உண்டு.

அந்தப் படங்களுக்குக் கீழே வந்த கமென்ட்களும் ஞாபகம் இருக்கலாம். "குடிச்சா சாகத்தானே செய்வான்?", "குடிகாரனுக்கு 10 லட்சமா? நல்லா இருக்கு நாடு!", "நாங்கல்லாம் இதைத் தொட்டதே இல்லப்பா."

இந்தத் துயரத்துக்குள் இரண்டு விதமான மனநிலைகள் இருந்தன. "இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகலயே, இனிமே என்ன ஆகிடப்போகுது?" என்பது ஒன்று. "நான் அவங்களை மாதிரி இல்லப்பா" என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆங்கிலத்தில் 'கம்ப்ளேசன்ட்' என்று பெயர். இரண்டாவதற்கு 'ஸ்மக்'. டிக்‌ஷனரியில் தேடினால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் வரும்: தன்னைப் பற்றிய அளவுக்கு மீறிய திருப்தி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள்.

ஆனால் இரண்டும் வேறு வேறு. அந்த வித்தியாசம் உங்க மார்க்குக்கு மட்டுமல்ல, உங்க வாழ்க்கைக்கும் உதவும்.

முயல் கதையில் இரண்டுமே இருக்கு!

நாம் மூணாங்கிளாஸில் படித்த முயல், ஆமை கதையை எடுத்துக்கோங்க. ஆமை மெதுவாக நகர்வதைப் பார்த்து முயல் சிரிக்குது இல்லையா? அந்தச் சிரிப்புதான் ஸ்மக். 'எனக்கு எதிரா ஓட வந்துட்டான் பாரு' என்கிற நினைப்பு.

அடுத்து முயல் என்ன செய்தது? 'எப்படியும் நாமதான் ஜெயிக்கப்போறோம்' என்று மரத்தடியில் படுத்துத் தூங்கியது. அந்தத் தூக்கம்தான் கம்ப்ளேசன்ட்.

ஸ்மக்காக இருக்க இன்னொரு ஆள் வேணும். யாரையாவது கீழே வைத்துப் பார்த்தால்தான் அந்தத் திருப்தி கிடைக்கும். அது முகத்தில் தெரியும், உதட்டோரச் சிரிப்பில் தெரியும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தெரியும். கம்ப்ளேசன்ட்டாக இருக்க யாரும் வேண்டாம். தனியாக, சத்தமில்லாமல், யார் மனசையும் புண்படுத்தாமல்கூட ஒருவர் அப்படி இருக்கலாம். ரொம்ப நல்லவராகவும் இருக்கலாம். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: ஆமை நகர்ந்துகொண்டே இருக்கிறது.

சுருக்கமா சொன்னா, ஸ்மக்கான ஆள் அடுத்தவரைத் தப்பாக எடைபோடுகிறார். கம்ப்ளேசன்ட்டான ஆள் ஆபத்தைத் தப்பாக எடைபோடுகிறார்.

தமிழில் என்ன சொல்லலாம்?

கம்ப்ளேசன்ட்டுக்கு நம்மிடம் கச்சிதமான வார்த்தை இருக்கிறது: மெத்தனம். 'அதிகாரிகள் மெத்தனம்' என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோமே, அதே மெத்தனம்தான். பேச்சுவழக்கில் 'பாத்துக்கலாம் விடு'.

ஸ்மக்குக்கு இறுமாப்பு என்று சொல்லலாம். ஆனால் அது கொஞ்சம் பெரிய வார்த்தை. ராஜாக்களுக்கும் வில்லன்களுக்கும் பொருந்தும். தினசரி வாழ்க்கையில் நாம் சொல்வது மிதப்பு. "ஒரு மாசம் ஜிம்முக்குப் போயிட்டு என்ன மெதப்புல திரியுறான் பாரு!" அந்த மெதப்புதான் ஸ்மக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. ஒரே சிக்கல், 'நாம பாஸ் ஆகிடுவோம்ங்கிற மெதப்புல படிக்காம விட்டுட்டேன்' என்று மெத்தனத்துக்கும் அதே வார்த்தையைப் போட்டுவிடுகிறோம். அதனால்தான் ஆங்கிலத்திலும் குழம்புகிறோம்.

வேர்ச்சொல்லைப் பார்த்தால் குழப்பம் தீரும். கம்ப்ளேசன்ட் லத்தீனிலிருந்து வந்தது. 'மிகவும் மகிழ்வி' என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து பிறந்தது. 'ப்ளீஸ்', 'ப்ளெசன்ட்' எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். அதாவது சுகமாக, கவலையில்லாமல் இருப்பவர்.

ஸ்மக் வட ஜெர்மன் பகுதிப் பேச்சுவழக்கிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். 16-ம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்கு 'நேர்த்தியாக அலங்கரித்துக்கொண்ட' என்றுதான் அர்த்தம். திட்டு வார்த்தையே இல்லை! இன்றைக்கும் ஜெர்மன் மொழியில் 'ஷ்முக்' என்றால் நகை. தன்னையே அலங்கரித்துக்கொண்டு கண்ணாடியில் ரசிப்பவர், போகப்போக தன்னையே மெச்சிக்கொள்பவர் ஆகிவிட்டார்.

இதை நம்ம வள்ளுவர் முன்னாடியே பிடித்துவிட்டார் என்பதுதான் ஆச்சர்யம். 98-வது அதிகாரமான 'பெருமை'யில், பெரியவர்கள் எப்போதும் பணிவார்கள், சிறியவர்களோ தங்களைத் தாங்களே வியந்து அலங்கரித்துக்கொள்வார்கள் என்கிறார். ஸ்மக்குக்குள் இருக்கும் அதே அலங்காரம். கம்ப்ளேசன்ஸிக்கு ஒரு முழு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். 54-வது அதிகாரம், 'பொச்சாவாமை'. மகிழ்ச்சியில் மிதந்து கடமையை மறப்பதுதான் பொச்சாப்பு. அளவுகடந்த கோபத்தைவிட இந்த மறதி மோசமானது என்றுதான் அதிகாரத்தையே தொடங்குகிறார்.

மெத்தனாலும் மெத்தனமும்

இப்போ மறுபடியும் கள்ளக்குறிச்சிக்கு வருவோம்.

கருணாபுரத்தில் உயிர்களைப் பறித்தது மெத்தனால். சாதாரண மதுவில் இருப்பது எத்தனால். பெயர் மட்டுமல்ல, பார்ப்பதற்கும் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் நிறமில்லாத திரவம், வாசனையும் கிட்டத்தட்ட ஒன்றே. குடிப்பவரால் கண்டுபிடிக்க முடியாது. குடித்ததும் வரும் போதையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

வித்தியாசம் கல்லீரலில் தொடங்குகிறது. மெத்தனாலை கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் சேரச் சேர, செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாமல் திணறும். முதலில் அடிவாங்கும் இடங்களில் ஒன்று கண் நரம்பு. வெறும் 10 மில்லி தூய மெத்தனால்கூட பார்வையைப் பறிக்கலாம். சுமார் 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? இது உடனே நடக்காது. குடித்த பிறகு 12 முதல் 24 மணி நேரம் வரைகூட பெரிதாக எதுவும் தெரியாமல் இருக்கலாம். வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், தூங்குவார். 'ஒண்ணும் ஆகல' என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் உள்ளே அமிலம் சேர்ந்துகொண்டிருக்கும். பிறகு வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, மூச்சுத்திணறல், பனிமூட்டம் போல மங்கும் பார்வை.

மெத்தனமும் மனசுக்குள் இப்படித்தான் வேலை செய்யும். தப்பு செய்த அன்றே எதுவும் ஆகாது. அதனாலேயே அது தப்பு இல்லை என்று தோன்றிவிடும்.

(ஒரு முக்கியமான விஷயம்: சாராயம் குடித்தவருக்கு மேலே சொன்ன அறிகுறிகளில் எது வந்தாலும் 'போதை தெளிஞ்சா சரியாயிடும்' என்று படுக்கவைக்காதீர்கள். உடனே 108-க்கு போன் பண்ணுங்க. கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்க. மாற்று மருந்து, டயாலிசிஸ் என்று சிகிச்சைகள் இருக்கின்றன. சீக்கிரம் போனால் காப்பாற்றலாம். வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.)

எத்தனை அடுக்கு மெத்தனம்!

குடித்தவர்களின் மெத்தனம் முதல் அடுக்கு. தினமும் உடம்புவலிக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் குடித்துவிட்டுப் படுப்பவருக்கு, நேற்று ஒன்றும் ஆகவில்லை, முந்தாநாளும் ஆகவில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் பயப்படணும்?

அடுத்த அடுக்கு, நிர்வாகத்தின் மெத்தனம். 2023 மே மாதம்தான் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போதும் ரெய்டுகள், கைதுகள், அறிக்கைகள் எல்லாம் வந்தன. 13 மாதங்களில் எல்லாம் அடங்கிப்போய், அடுத்த சாவு ஒரு மாவட்டத் தலைநகரின் நடுவிலேயே நடந்தது.

மூன்றாவது அடுக்கு இன்னும் வலிக்கும். 2024 ஜூன் 19 காலையில் மரணச் செய்திகள் வரத் தொடங்கியபோது, மாவட்ட நிர்வாகத்தின் முதல் விளக்கம் கள்ளச்சாராயம்தான் காரணம் என்பதை உறுதிப்படுத்தவில்லை. விஷம் உள்ளே போய் அறிகுறி வெளியே வராமல் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் உயிர். 'அது சாராயத்தால இல்லையாமே' என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பாருங்க.

அதன் பிறகு மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அதே ஜூன் மாதக் கடைசியில் திருத்தப்பட்டு, ஆயுள் தண்டனை வரை தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ-க்கு மாற்றியது. எல்லாமே நடந்தது. ஆனால், நடந்த பிறகு.

இது நம்ம ஊருக்கு மட்டுமான வியாதி இல்லை. 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி 7 பேர் இறந்தார்கள். ராக்கெட் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்களில் பிரச்னை இருப்பது முன்னாடியே தெரியும். முந்தைய பயணங்களில் அவை பழுதாகியும் கலங்கள் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டன. அதனால் அந்தப் பழுதே 'சகஜம்' ஆகிவிட்டது. டயான் வான் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து 1996-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். உலகத்திலேயே பெரிய விஞ்ஞானிகள் இருந்த இடத்திலும் நடந்தது அதே 'போன தடவை ஒண்ணும் ஆகலயே'தான்.

கவனிச்சீங்களா? இவர்களில் யாரும் பிறரை ஏளனம் செய்யவில்லை. யாருக்கும் உதட்டோரச் சிரிப்பு இல்லை. அதனால் இங்கே ஸ்மக் என்ற வார்த்தையைப் போட முடியாது.

மிதப்பு எங்கே இருந்தது?

அது நம்ம கையில் இருந்த போனில் இருந்தது.

'குடிச்சா சாகத்தானே செய்வான்' என்று டைப் செய்தவருக்கு அந்த நேரத்தில் ஒரு திருப்தி கிடைத்திருக்கும். நான் ஒழுங்கு, அவன் ஒழுங்கு இல்லை. அதனால் எனக்கு இது நடக்காது. இறந்தவர்களில் பலர் கூலி வேலை செய்தவர்கள். அப்பா, அம்மா இருவரையுமே இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களின் படிப்புச் செலவை ஏற்பதாகவும், 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் தருவதாகவும் அரசு அறிவித்தது. அந்தப் பிள்ளைகள் பாக்கெட் எதையும் வாங்கிக் குடிக்கவில்லை.

இழப்பீடு சரியா, தப்பா என்று விவாதிக்கலாம். தப்பே இல்லை. குடிப்பழக்கத்தை எதிர்க்கலாம், எதிர்க்கணும். அடுத்தவர் சாவை வைத்து நம்மை நாமே அலங்கரித்துக்கொள்ளும்போதுதான் அது ஸ்மக் ஆகிறது.

இன்னொரு மிதப்பும் இருந்தது. 'கல்வராயன் மலைன்னாலே சாராயம்தானே?' என்ற பேச்சு. ரீல்ஸில் மேகம் நீர்வீழ்ச்சியையும் பெரியார் நீர்வீழ்ச்சியையும் பார்த்து ஹார்ட் போட்டவர்களே, அந்த வாரம் மலைமக்கள் மொத்தப் பேரையும் குற்றவாளிகள் ஆக்கினார்கள்.

மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவது நடக்கிறதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சினால் முக்கியமாக வருவது எத்தனால்தான். கொத்துக்கொத்தாகக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் அதில் வராது. மெத்தனால் ஒரு தொழிற்சாலை ரசாயனம். பெயின்ட் முதல் மருந்து வரை பல தொழில்களில் பயன்படுவது. அது எங்கிருந்தோ டிரம்மில் ஏறி, சாலைகளைக் கடந்துதான் கருணாபுரத்துக்கு வந்தது.

அந்த மலையின் கதையையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. கல்வராயன் மலைக் கிராமங்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தவை. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பிறகும் அங்கே நிலைமை அதுதான். சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலைமக்களின் வாழ்வாதாரம் பற்றிய வழக்கை எடுத்தது. சாலை இருக்கா, மருத்துவமனை இருக்கா, பள்ளிக்கூடம் இருக்கா, வேலை இருக்கா என்று கேட்டது. 'அவங்க அப்படித்தான்' என்று நாம் சொன்ன இடத்தில் நீதிமன்றம் 'ஏன் அப்படி?' என்று கேட்டது. மிதப்பு கேட்காமல் விடுவது அந்த 'ஏன்?' என்ற கேள்வியைத்தான்.

ஒன்று இன்னொன்றைப் பெற்றெடுக்கும்

முயல் முதலில் சிரித்தது, பிறகுதான் தூங்கியது. அந்த வரிசை முக்கியம். மிதப்பு வந்தால் பின்னாடியே மெத்தனம் வரும்.

'குடிகாரன் செத்தான்' என்று கடந்துபோனவர், அந்த ரசாயனம் எப்படி இவ்வளவு எளிதாகக் கைமாறுகிறது என்று கேட்கமாட்டார். கேட்காத ஊரில் கண்காணிப்பு தளரும். மரக்காணத்துக்கும் கருணாபுரத்துக்கும் நடுவே இருந்த 13 மாதங்களில் நாமும்தான் தூங்கினோம்.

சின்ன விஷயங்களிலும் இதேதான். ஹெல்மெட் போடாமல் விழுந்தவனின் வீடியோவைப் பார்த்து 'ஓட்டத் தெரியாதவன்' என்று சிரிப்பது ஸ்மக். 'பக்கத்துத் தெருவுக்குத்தானே' என்று நாமே ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுப்பது கம்ப்ளேசன்ட். ஓ.டி.பி சொல்லிப் பணத்தை இழந்த பெரியப்பாவை ஃபேமிலி குரூப்பில் கலாய்ப்பது ஸ்மக். ஐந்து ஆப்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பது கம்ப்ளேசன்ட். இரண்டையும் செய்யும் ஆள் பெரும்பாலும் ஒரே ஆள்தான். நம்மில் யாராக வேணும்னாலும் இருக்கலாம்.

அப்போ திருப்தியே கூடாதா?

தாராளமாக இருக்கலாம். அதற்கு ஆங்கிலத்தில் 'கன்டென்ட்' என்று வேறு வார்த்தை இருக்கிறது. தமிழில் நிறைவு. உழைத்துப் படித்து, எழுதி முடித்து, 'என்னால முடிஞ்சதைச் செஞ்சிட்டேன்' என்று நிம்மதியாகத் தூங்குவது நிறைவு. அதற்கு அடுத்தவரைக் கீழே இறக்கவும் வேண்டாம், ஆபத்தை மறக்கவும் வேண்டாம்.

போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'கம்ப்ளேசன்ட்' என்றே காதில் விழும் இன்னொரு வார்த்தை உண்டு. நடுவில் எஸ்பெல்லிங் மட்டும் மாறும். 'சி'க்குப் பதிலாக 'ஐ'யும் 'எஸ்'ஸும், அதை அடுத்த 'இ'க்குப் பதிலாக 'ஏ'யும் வரும். அதற்கு அர்த்தம் 'பிறர் சொல்வதற்கெல்லாம் இணங்கிப்போகிற'. அந்தக் கேள்வியில் மெத்தனமா இருக்காதீங்க!

குழப்பம் வந்தால் உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கோங்க. 'இப்ப நான் யாரையாவது குறைச்சு மதிப்பிட்டுதான் சந்தோஷமா இருக்கேனா?' ஆமாம் என்றால் அது ஸ்மக். 'இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலங்கிறதைத் தவிர, இனிமேலும் ஆகாதுன்னு நம்ப என்கிட்ட வேற காரணம் இருக்கா?' இல்லை என்றால் அது கம்ப்ளேசன்ட்.

கருணாபுரத்தில் இரண்டாவது கேள்வியை யாராவது ஒருவர், எந்த அடுக்கிலாவது, கொஞ்சம் முன்னாடி கேட்டிருக்கலாம். முதல் கேள்வியைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த முறை அப்படி ஒரு செய்தி போனில் வரும்போது, கமென்ட் போடுவதற்கு முன்னாடி கேட்டுப் பாருங்க.